மண்ணைத் தேடும் பற்கள்

ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணியைக் கம்பிக் கூண்டில் வைத்து வளர்க்கும் இல்லங்களில், வீட்டார் உறங்கப் போன பிறகு, தெருவின் இரைச்சலும் அடங்கிய வேளையில், இரும்பின் மேல் பல் உரசும் ஓசை ஒன்று தொடங்குகிறது. சற்றே நின்று, இடம் மாறி, மறுபடியும் தொடங்கி, சில வீடுகளில் விடியுமட்டும் அது ஓய்வதில்லை. மறுநாள் கடைக்காரரிடம் போய் விசாரித்தால், "அதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும் சார், அதான் கடிக்குது, ஒண்ணும் ஆகாது" என்று சமாதானம் சொல்லி, கடிப்பதற்கென்று ஒரு மரத்துண்டையும் விற்று அனுப்பிவிடுகிறார். அவர் சொன்னதில் முற்பகுதி உண்மை. பிற்பகுதியை வீட்டார் நம்பிவிடுவதனால்தான் எத்தனையோ ஹாம்ஸ்டர்கள் தமக்கு வாய்த்த இரண்டு, மூன்று ஆண்டு ஆயுளைக் கம்பியோரத்திலேயே கழித்துவிடுகின்றன.

பற்கள் வளர்வது மெய்யே. எலி, அணில், ஹாம்ஸ்டர் முதலான கொறிக்கும் பிராணிகளின் முன்வாயில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக அமைந்த வெட்டுப்பற்கள் உயிருள்ளவரை வளர்ந்துகொண்டே இருப்பவை. அப்பற்களின் முன்புறத்தில் மட்டும், இரும்புச் சத்து கலந்து மஞ்சளேறிய கடினமான எனாமல் பூச்சு இருக்கிறது. பின்புறம் அதைக் காட்டிலும் மென்மையானது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உராயும்போது பின்புறம் விரைவாகவும் முன்புறம் மெதுவாகவும் தேய்வதனால், விளிம்பு தானாகவே கூர்மையாகத் தீட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. தானியத்தை உடைப்பதும், விதையின் தோலை உரிப்பதும், குச்சியைக் கொறிப்பதுமே இக்காரியத்துக்குப் போதும். சிரியா தேசத்து வயல்களில் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்த இவற்றின் மூதாதைகள் ஒரு கம்பியையும் கண்டதில்லை. அதனால் அவற்றின் பற்களுக்கு யாதொரு குறையும் நேர்ந்ததில்லை. கம்பியைக் கடிப்பதனால்தான் குறைகள் பல நேர்கின்றன. பல் ஒடிகிறது, அல்லது ஒருபுறமாகச் சாய்ந்து, எதிர்ப்பல்லோடு உராய வழியின்றி, வளைந்து நீண்டு, தின்பதையே தடுத்துவிடுகிறது, மூக்கின் மேலுள்ள ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, நாளடைவில் புண்ணாகிறது.

பல்லின் தேவைதான் காரணம் என்றால், கூண்டுக்குள் நல்ல மரத்துண்டு ஒன்றைப் போட்டவுடன் கடிப்பது நின்றுவிட வேண்டும். நிற்பதில்லை. மரத்துண்டைச் சற்றுக் கொறித்துப் பார்த்துவிட்டு, அது மறுபடியும் தான் வழக்கமாக நிற்கும் மூலைக்கே போய், முன்கால்கள் இரண்டாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு, வாயை இப்படியும் அப்படியும் நகர்த்தத் தொடங்குகிறது. அந்த மூலை பெரும்பாலும் கதவின் ஓரமாகவோ, வெளிச்சமும் காற்றும் வரும் பக்கமாகவோ இருப்பதைக் கவனிக்கலாம். 1990களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் ஹன்னோ வூர்பெல் முதலிய ஆராய்ச்சியாளர்கள், ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக் குஞ்சுகள் தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து கம்பி கடிக்கும் வழக்கம் அவற்றிடம் எவ்வாறு படிப்படியாக உருவாகிறது என்று பொறுமையோடு தொடர்ந்து பார்த்தார்கள். வெளியே போகும் மார்க்கம் ஏதேனும் உண்டா என்று முகர்ந்தும் பற்றியும் தேடும் பிரயத்தனமே, பலன் கிட்டாமல் திரும்பத் திரும்ப நிகழ்ந்து, ஒரே அச்சில் வார்த்த அசைவாக இறுகிப்போகிறது என்பதே அவர்கள் கண்டது. ஹாம்ஸ்டரிடமும் நாம் காண்பது இத்தகைய பிரயத்தனம்தான். ஆகவே, கடிப்பதை எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்கு முன், இந்த ஜீவன் எங்கே போகப் பார்க்கிறது என்று கேட்பதே முறை. அதற்கு விடை அதன் பூர்வீகத்தில் இருக்கிறது.

அலெப்போவின் வயல்

சிரியாவின் வடபகுதியில் அலெப்போ என்ற புராதன நகரம் இருக்கிறது. அங்கே வைத்தியராக இருந்த அலெக்சாண்டர் ரஸ்ஸல் அந்நகரத்தின் இயற்கை வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். அவருடைய தம்பி பாட்ரிக் ரஸ்ஸல் அதைத் திருத்தி விரித்து 1794 இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில், கன்னப் பைகளுக்குள் இளம் அவரைக்காய்களை நெடுக்குவாட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த ஒரு ஹாம்ஸ்டரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. இந்தப் பாட்ரிக் ரஸ்ஸல் நமக்கு அந்நியரல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை நூல் வல்லுநராகச் சென்னை ராஜதானிக்கு வந்து, சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்து நூல் எழுதியவர் அவரே. நம் கண்ணாடிவிரியனுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரும் அவருடையதே. ஹாம்ஸ்டருக்கு முறையான விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1839 இல். லண்டனில் ஜார்ஜ் ராபர்ட் வாட்டர்ஹவுஸ், அலெப்போவிலிருந்து வந்த ஒரே ஓர் உடலை வைத்துக்கொண்டு அதை வருணித்தார். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் உலகம் அதைப் பெரும்பாலும் மறந்திருந்தது.

மறுபடியும் அதை நினைவுக்குக் கொண்டுவந்தது ஒரு கொடிய ஜுரம். காலா அசார் என்னும் அந்நோயின் கிருமியை 1903 இல் சென்னையில் சார்லஸ் டோனவன் கண்டறிந்தார். இன்றளவும் அக்கிருமியின் பெயரில் அவர் பெயர் நிற்கிறது. ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் அதே வகைக் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லருக்கு, ஆய்வுக்கு உகந்த சிறு பிராணி ஒன்று தேவைப்பட்டது. சீன தேசத்து ஹாம்ஸ்டர்கள் கூண்டில் இனம் பெருகவில்லை. ஆகவே அப்பிரதேசத்திலேயே ஒரு ஹாம்ஸ்டரைத் தேடித் தருமாறு விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனியைக் கேட்டுக்கொண்டார். 1930 ஏப்ரலில், அலெப்போவுக்கு அருகே ஒரு கோதுமை வயலை உள்ளூர் ஷேக் ஒருவரின் உதவியோடு ஆழத் தோண்டி, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் அஹரோனி வெளியே எடுத்தார்.

அடுத்து நடந்தவை நம் விஷயத்துக்கு நேரே வந்து சேர்கின்றன. அச்சத்தாலும் அதிர்ச்சியாலும் நிலை குலைந்த தாய், தன் குட்டிகளில் ஒன்றைக் கடித்துக் கொன்றுவிட்டது. எஞ்சிய குட்டிகளைக் காப்பாற்றத் தாயைப் பிரித்துக் கொன்றுவிட வேண்டியதாயிற்று. மனிதர் கையால் பாலூட்டப்பெற்று வளர்ந்த குட்டிகள், பல்கலைக்கழகத்தில் பிராணிகளைப் பராமரித்து வந்த பென்-மெனாஹெம் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் அவற்றை மரத்தளம் வைத்த கூண்டில் விட்டார். பொழுது விடிந்து பார்க்கையில் ஐந்து குட்டிகள் மரத்தைக் கடித்துத் துளைத்துக்கொண்டு போய்விட்டிருந்தன. ஒன்றுகூட உயிரோடு திரும்பக் கிடைக்கவில்லை. இன்றைய வீட்டு ஹாம்ஸ்டர்களின் மூதாதைக் குடும்பமே, கூண்டில் வைக்கப்பட்ட மாத்திரத்தில் கடித்து வெளியேறப் பார்த்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பென்-மெனாஹெம் அதன் பிறகு செய்த காரியம் அவருடைய நுண்ணறிவுக்குச் சான்று. பெரிய கம்பிக் கூண்டு ஒன்றில் உலர்ந்த புல்லை இறுக அடைத்து, மேலே சிறிது இடம் மட்டும் விட்டு, அதற்குள் பெண் ஹாம்ஸ்டரை விட்டார். அது புல்லுக்குள் வளை குடைந்து தன் இருப்பிடத்தை அமைத்துக்கொண்டு அமைதியடைந்த பின்புதான் ஆணை உள்ளே அனுப்பினார். அவை கூடின, குட்டிகள் பிறந்தன, 1931 இல் அவற்றின் சந்ததிகளைச் சால் ஆட்லர் தம் மேலங்கிப் பைகளில் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரே குடும்பத்தின் வழித்தோன்றல்கள். இரும்புக் கம்பியினுள்ளே அவர் வளைக்கு இடம் செய்து கொடுத்திராவிடில் இந்த வம்சமே நமக்குக் கிடைத்திராது.

காட்டு ஹாம்ஸ்டர் எப்படி வாழ்கிறது என்பது அதற்குப் பின்னும் நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1990களின் இறுதியில் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் காட்டர்மனும் அவருடைய குழுவினரும் அலெப்போவின் விவசாய நிலங்களில் வளைகளைத் தேடி அளந்தார்கள். செங்குத்தாக இறங்கும் ஒரு வாயில். அதன் அடியில் படுக்கை அறை. தானியம் சேர்க்க வேறோர் அறை. சிறுநீர் கழிக்க முட்டுச்சந்தாக முடியும் ஒரு கிளை. ஆழம் 36 செ.மீ. முதல் 106 செ.மீ. வரை, சராசரி 65 செ.மீ. வளர்ந்த பிராணி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வளையில் தனியே வாழ்ந்தது. அதே குழுவினர் பின்னர்ப் பெண் ஹாம்ஸ்டர்களைத் தொடர்ந்து கண்காணித்து, இரவுப் பிராணி என்று பேர் பெற்ற இவை வயலில் காலையிலும் மாலையிலும் பகல் வெளிச்சத்திலேயே மேலே வருகின்றன என்றும், நாளின் மிகச் சிறு பகுதியையே தரைக்கு மேலே செலவிடுகின்றன என்றும் 2008 இல் அறிவித்தார்கள். இரை தேடுவதற்கு மட்டும் அவசரமாக மேலே வந்து, மற்ற நேரமெல்லாம் மண்ணுக்குள் வசிக்கும் ஒரு ஜீவனை, ஒன்றரை அடி நீளக் கம்பிக் கூண்டில் இரண்டு விரற்கடை மரச்சீவலின் மேல் உட்கார்த்தி வைத்து, நான்கு புறத்திலிருந்தும் வெளிச்சமும் கண்களும் படும்படி மேசைமேல் நிறுத்திவிட்டு, அது ஏன் அமைதியாக இல்லை என்று நாம் வியந்துகொண்டிருக்கிறோம்.

ஆழமே மருந்து

வளை தோண்ட ஆழம் இல்லாததே கடிப்பதற்குக் காரணம் என்ற ஊகத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தினர். 2006 இல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சி ஒன்றில், ஆண் ஹாம்ஸ்டர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 10 செ.மீ., மற்றொன்றுக்கு 40 செ.மீ., மூன்றாவதற்கு 80 செ.மீ. ஆழத்துக்கு மரச்சீவல் இட்டு, எல்லாவற்றுக்கும் சக்கரமும் கொடுத்தார்கள். கூண்டின் நீள அகலம் மூன்று பிரிவுக்கும் ஒன்றே. 10 செ.மீ. பிரிவில் கம்பி கடிப்பது மற்ற இரண்டையும் விட வெகு அதிகம்; சக்கரத்தில் ஓடித் தீர்ப்பதும் அப்படியே. 80 செ.மீ. பிரிவில் கம்பி கடிக்கும் காட்சியே தென்படவில்லை. கசப்புப் பூச்சோ, அதட்டலோ, புதிய விளையாட்டுச் சாமானோ எதுவும் செய்யாத காரியத்தை, ஆழம் ஒன்றே செய்துவிட்டது. இதைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் இவ்விஷயத்தில் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

அதே பல்கலைக்கழகத்தினர் அடுத்த ஆண்டு பரப்பளவைச் சோதித்தார்கள். 1,800, 2,500, 5,000, 10,000 சதுர செ.மீ. என நான்கு அளவுகளில் கூண்டுகள். சிறிய கூண்டுகளில் கடிப்பது அதிக நேரமும் அதிகத் தடவையும் நிகழ்ந்தது. ஆயினும் மிகப் பெரிய கூண்டிலும் அது அறவே மறைந்துவிடவில்லை. ஆகவே விஸ்தாரம் அவசியம். விஸ்தாரம் மட்டும் போதாது. பெர்ன், பாசெல், சூரிச் ஆகிய மூன்று நகரங்களின் விலங்குக் காட்சிச்சாலைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிர்வகித்த ஹைனி ஹெடிகர், சிறைப்பட்ட காட்டு விலங்குகளைப் பற்றி 1942 இல் எழுதிய நூலில் வற்புறுத்திய தத்துவமும் இதுவே: விலங்குக்குத் தரும் இடத்தின் அளவை விட அதன் தன்மையே முக்கியம், வனத்தில் அது என்னென்ன காரியங்களுக்கு இடத்தைப் பயன்படுத்துகிறதோ, அவையெல்லாம் கூண்டில் நடைபெற வழி இருக்கவேண்டும். சிங்கத்துக்கும் யானைக்கும் நாம் இன்று ஒப்புக்கொள்ளும் இந்த நியாயத்தை, உள்ளங்கையில் அடங்கும் பிராணிக்கு மறுப்பதற்கு என்ன முகாந்திரம் இருக்கிறது?

இனி, வீட்டில் செய்ய வேண்டியவை.

முதலில் இருப்பிடம். ஜெர்மனியில் பிராணிகள் நலனுக்காக இயங்கும் கால்நடை மருத்துவர் சங்கம், ஒரு ஹாம்ஸ்டருக்கு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் இருந்தாக வேண்டும் என்கிறது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் வண்ணக் கூண்டுகள் எவையும் இதன் பக்கத்தில்கூட வரமாட்டா. ஆனால் நான்கடி நீளமுள்ள மீன்தொட்டி சென்னையில் கொளத்தூர் போன்ற இடங்களில் தாராளமாகக் கிடைக்கும்; தண்ணீர் கசிகிறதென்று ஒதுக்கிய பழைய தொட்டியானால் விலையும் குறைவு, ஹாம்ஸ்டருக்குக் கசிவு ஒரு பொருட்டும் அன்று. மேலே கம்பிவலை மூடி மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தொட்டிக்கு மாற்றியதும் கடிக்கக் கம்பி இல்லாமல் போவதால் ஓசை நின்றுவிடும். அத்துடன் நோய் தீர்ந்துவிட்டதென்று திருப்தி அடைவோர் உண்டு. அது பெரும் பிழை. ஆழமில்லாத கண்ணாடித் தொட்டியில் அதே பிராணி மூலைக் கண்ணாடியை முன்கால்களால் சுரண்டிக்கொண்டே இருக்கும். வாயால் கேட்டதைக் காலால் கேட்கிறது, அவ்வளவுதான்.

தொட்டியில் பாதிக்கேனும் 30 செ.மீ. உயரத்துக்கு மரச்சீவல் நிரம்ப வேண்டும், 40 செ.மீ. இட முடிந்தால் இன்னும் நன்று. தச்சுப் பட்டறையில் இழைப்புளியிலிருந்து விழும் சுருளை இனாமாக வாங்கி வந்துவிடத் தோன்றும். ஆனால் அதில் பசையும், வார்னிஷும், கரையான் மருந்தும் கலந்திருக்கலாம். பிசின் வாசனை வீசும் மரமானால் சுவாசத்துக்குக் கெடுதல். பிராணிகளுக்கென்று தூசி நீக்கி விற்கும் சீவலே உத்தமம். வாசனையற்ற காகிதத் துகளும் சேர்க்கலாம். சீவலைத் தளர்வாகக் கொட்டினால் வளை சரிந்துவிடும். சரிந்துபோகும் வளையைப் பிராணி சில முறை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். ஆகையால் ஒரு படுகை சீவல், அதன்மேல் ஒரு படுகை உலர்ந்த புல், மறுபடியும் சீவல் என்று இட்டுக் கையால் அமுக்கிக்கொண்டே வரவேண்டும். ஜெருசலேமில் புல்லை இறுக அடைத்ததன் மர்மமும் இதுவே. பஞ்சு போன்ற மெத்தைப் பொருள்களை மட்டும் ஒருநாளும் இடலாகாது. இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

சக்கரத்தைப் பற்றி ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். சக்கரத்தில் ஓடுவதும் சிறைவாசத்தின் பித்துதானே, அதை ஏன் வைப்பது என்று இரக்கமுள்ளவர்கள் கேட்பதுண்டு. 2014 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஹாலந்தின் லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், யாரும் வளர்க்காத காட்டெலிகள் நடமாடும் திறந்தவெளியில் ஒரு சக்கரத்தை வைத்துக் காத்திருந்தார்கள்; சுதந்திரமாகத் திரியும் சுண்டெலிகள் தாமாகவே வந்து ஏறி ஓடின. ஓடுவதில் அவற்றுக்கு ஓர் இன்பம் இருக்கிறது. கூண்டுச் சக்கரம் சரியாகச் சுழலும்போது ஹாம்ஸ்டர் கம்பி கடிப்பது குறைவதாகவும் பெர்ன் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கூண்டோடு இனாமாக வரும் சிறு சக்கரத்தில் ஓடும் பிராணியின் முதுகு வில்லாக வளைகிறது. குறுக்குக் கம்பிகளின் இடையே கால் சிக்கி முறிகிறது. சிரிய ஹாம்ஸ்டருக்கு 28 முதல் 30 செ.மீ. விட்டமும், குள்ள வகைகளுக்கு 20 செ.மீ. விட்டமும் உள்ள, இடைவெளியற்ற தளம் அமைந்த சக்கரமே தகுந்தது.

உணவைக் கிண்ணத்தில் வைப்பது நமக்குச் சௌகரியம்; அதற்கோ வேலையற்ற நாள். கம்பும், தினையும், சோளமும், சூரியகாந்தி விதை ஓரிரண்டும் கலந்த அதன் தானியத்தைச் சீவலின் மேலும் புல்லின் இடையிலும் தூவிவிட்டால், மாலை முழுவதும் முகர்ந்து தேடி, கன்னப் பைகளில் நிரப்பி, வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அதன் பொழுது கழியும். கொறிப்பதற்கு மருந்து அடிக்காத கொய்யாக் குச்சியும், சுத்தம் செய்த கொட்டாங்கச்சியும் போதும். அது சேர்த்து வைத்த தானியத்தை வாரந்தோறும் வாரிக் கொட்டி, சீவல் முழுவதையும் மாற்றி, சோப்பிட்டுக் கழுவி, 'பளிச்'சென்று வைப்பது அன்பினால் செய்யும் கொடுமை. கஷ்டப்பட்டுக் குடைந்த வளையும், சேமிப்பும், தன் வாசனையும் ஒருசேர மறைந்துபோன இடத்தில் அது அந்நியமாகி, அன்றிரவே கம்பிக்குப் போகும். சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் அவ்வப்போது எடுத்துவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் விடுவதே சரி. என்றைக்கேனும் பெரும்பகுதியை மாற்ற நேர்ந்தால், பழைய சீவலில் கணிசமான பங்கைத் திரும்ப இட வேண்டும்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இருபது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுகமாக இருக்கும் இந்தப் பிராணிக்கு, முப்பதைத் தாண்டும் சென்னைச் சித்திரை உயிருக்கே ஆபத்து. வெப்பம் தாளாமல் இடம் மாறப் பார்ப்பதும் கடிப்பதற்கு ஒரு காரணம். தொட்டியை ஜன்னல் வெயில் படாத, வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில் வைத்து, பளபளப்புப் பூச்சில்லாத மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வாயில் விட்டு வைத்தால், பகலில் அதனுள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆழமான சீவலின் அடிப்பகுதியும் மேற்பரப்பைவிடக் குளிர்ந்திருக்கும். மின்விசிறிக் காற்று நேரே அடிக்கலாகாது.

வேறு சில காரணங்களை விரைந்து சொல்லிவிடலாம். சிரிய ஹாம்ஸ்டர் இரண்டை ஒன்றாக வைத்தால், பலவீனமானது தப்ப வழி தேடிக் கம்பியைக் கடிக்கும்; பின்னர்க் காயப்பட்டோ உயிரிழந்தோ போகும். ஒரு தொட்டிக்கு ஒன்றே. வளர்ந்த பெண் ஹாம்ஸ்டர் நான்கு நாட்களுக்கு ஒருமுறை பருவம் கொள்வதால், அம்மாலைகளில் அமைதியின்றி இருப்பது இயல்பு. பூனை வந்து உட்கார்ந்து பார்க்கும் வீடுகளில், பூனையை அப்புறப்படுத்துவதே முதல் சிகிச்சை. புதிதாக வந்த பிராணிக்குச் சில நாட்கள் தொந்தரவு கொடாமல் அமைதி தர வேண்டும்.

கடிக்கும் நேரத்தில் நாம்

ஓசை கேட்டவுடன் எழுந்து போய்க் கதவைத் திறந்து, ஒரு தின்பண்டத்தைக் கொடுத்து அமைதிப்படுத்துவது பலரது வழக்கம். அன்று ஓசை நிற்கும். கடித்தால் கதவு திறக்கும் என்ற பாடம் மட்டும் அதன் மனத்தில் பதிந்துவிடும். பிராணியை வெளியே விடுவது நல்லதுதான். அடைப்புள்ள ஓர் அறையில், மின்கம்பிகளை அகற்றிவிட்டு, மாலையில் அது விழித்துக் கைகால் நீட்டும் வேளையில், கடிக்கத் தொடங்குவதற்கு முன்பே எடுத்து விடவேண்டும். அப்படி ஒரு நேரம் தனக்கென்று நாள்தோறும் உண்டென்பதை அது விரைவில் அறிந்துகொள்ளும்.

கம்பியின் மேல் எலுமிச்சைச் சாறும், காடியும், மிளகாய்க் கரைசலும் பூசச் சொல்லும் யோசனைகளை வன்மையாக மறுக்கிறேன். மிளகாய் அதன் கண்ணிலும், கடித்துப் புண்ணான மூக்கிலும் படும்; அது என்ன வேதனை என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கூண்டைத் தட்டுவதும், ஊதுவதும், அதட்டுவதும் பயத்தை வளர்ப்பவை. பயந்த பிராணி இன்னும் மும்முரமாக வழி தேடும். வாயைக் கட்டிவிட்டால் கேள்வி மறைந்துவிடுமா?

நம் தேசத்துச் சட்டமும் இந்த நியாயத்தை அங்கீகரித்திருக்கிறது. நடமாடுவதற்குத் தக்கபடி உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் எந்தப் பிராணியை அடைத்து வைப்பதும் குற்றம் என்று, 1960 ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு கூறுகிறது. இச்சட்டத்துக்கு வித்திட்டவர் பரதநாட்டியக் கலைக்குப் புத்துயிர் அளித்த ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபையின் உறுப்பினராக இருந்து அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசாங்கமே ஒரு சட்டம் இயற்றும் என்ற நேருவின் வாக்குறுதியின் பேரில் திரும்பப் பெற்றார். சட்டம் வந்தபின், 1962 இல் சென்னையில் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே தலைமை தாங்கினார். யானை, மாடு, குதிரை என்று வேறுபடுத்தாமல் 'எந்தப் பிராணியும்' என்று அச்சட்டம் சொல்வதில் ஹாம்ஸ்டரும் அடங்கும். விற்கும் கடைகளுக்கென 2018 இல் தனி விதிகளும் வந்திருக்கின்றன. அவற்றை அறிந்த கடைக்காரர் எத்தனை பேர் என்பதை வாங்கப் போகிறவர்களே கேட்டுப் பார்க்கலாம். குழந்தையின் பிறந்தநாளுக்குக் கூண்டோடு ஹாம்ஸ்டரை வாங்கிவந்து, பிறகு இடத்தைப் பற்றி யோசிப்பதைவிட, தொட்டியும் சீவலும் வீட்டில் தயாரான பின் பிராணியைக் கொண்டுவருவதே முறை. தொட்டிக்கு இடமோ பணமோ இல்லையென்றால் ஹாம்ஸ்டர் வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் கடித்துப் பழகிவிட்ட பிராணிகளின் நிலை வேறு. இறுகிப்போன வழக்கம் காரணம் நீங்கிய பின்னும் சில காலம் தொடரும். சிலவற்றில் முற்றிலும் மறையாமலும் போகலாம். புதிய இடம் கொடுத்த முதல் வாரத்திலேயே பலன் இல்லையென்று சலித்துக்கொள்ளாமல், கடிக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் குறைகிறதா, வளையில் இருக்கும் நேரம் கூடுகிறதா என்று பார்த்து வரவேண்டும். மாற்றும்போது பழைய கூண்டின் சீவலையும் கூட்டையும் அப்படியே எடுத்துப் புதிய தொட்டியில் வைப்பது பெரிதும் உதவும். உடனே தொட்டி வாங்க இயலாதவர்கள், கூண்டின் அடித்தட்டைக் கழற்றிவிட்டு, அதன் கம்பிப் பகுதியை, அளவு பொருந்தும் ஆழமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் மேல் இறுகப் பொருத்தி, பெட்டி நிறையச் சீவலை அமுக்கி இடலாம். குறைந்த செலவில் ஆழம் கிடைத்துவிடும்.

கடித்துப் பழகிய பிராணியை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் குறித்து வைப்பது அவசியம். எடை குறைந்தாலும், வாயோரம் ஈரமாக இருந்தாலும், கடினமான விதைகளை எடுத்துவிட்டுக் கீழே போட்டாலும், பல்லில் கோளாறு என்று கொள்ள வேண்டும். நீண்ட பல்லை வீட்டில் நகவெட்டியால் நறுக்க முயலலாகாது. பல் வேர்வரை பிளந்துவிடும். சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடமோ, சென்னையில் உள்ளவர்கள் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். போகும்போது, பிராணி வசிக்கும் கூண்டின் புகைப்படம் ஒன்றையும், சீவல் எத்தனை செ.மீ. ஆழம் என்ற குறிப்பையும் உடன் எடுத்துச் சென்றால், பல்லைச் சரிசெய்த பின் வேறு எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் மருத்துவர் அங்கேயே சொல்லிவிட முடியும்.